படத்தில் இல்லாத ஜன்னல்

எங்கள் திரைப்பட வட்டத்தில் மாதாமாதம் ஒரே சண்டைதான். சினிமா சமூகத்தைக் கெடுக்கிறதா, திருத்துகிறதா. நான் இரண்டு கட்சியிலும் சேராதவள். சினிமா யாரையும் ஒன்றும் செய்வதில்லை, இருட்டில் மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வந்ததும் பஸ் வருமா என்று பார்க்கிற ஜனங்கள்தான் நாம் என்பது என் கட்சி. வருஷக்கணக்காக அதையே அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு படத்தால் என் அக்கா வீட்டை விட்டுப் போனாள். சரியாகச் சொன்னால் படத்தால்கூட இல்லை, அந்தப் படத்தைப் பற்றி நான் பேசிய பேச்சால்.

வட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நூலகத்தின் மாடியில் ஒரு நீள அறை, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, உட்கார்ந்தால் முனகுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் பழைய படம் ஒன்று போடுவார்கள். முடிந்ததும் டீ, டீக்குப் பிறகு விவாதம். தலைவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். சரித்திரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவர் வருவார். நாட்டில் எது கெட்டுப்போனாலும் அதைக் கெடுத்த படம் எது என்று அவருக்குத் தெரியும். இன்னொருவரை இடைவேளை என்று கூப்பிடுவோம். என்ன படம் என்பது அவருக்கு எப்போதும் தெரியாது, டீ வரும் நேரம் மட்டும் தெரியும். எனக்குப் பல்லுக்காரம்மா என்று பெயர். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன், அதனால்.

வட்டத்துக்கு ஒரு விதி உண்டு. படத்தைப் பற்றித்தான் பேச வேண்டும், சொந்தக் கதை கூடாது. ஆரம்ப காலத்தில் ஆஸ்பத்திரிப் படம் ஒன்று போட்டபோது ஒருத்தர் தன் சிறுநீரகக் கல்லைப் பற்றிப் பேச எழுந்து, காவலாளி வந்து விளக்கை அணைக்கும் வரை விடவில்லையாம். அன்றிலிருந்து தலைவரின் மேஜைமேல் ஒரு மணி இருக்கிறது. உள்ளங்கையால் தட்டினால் டிங் என்கிற சின்ன மணி. யாராவது 'எங்க வீட்டுல' என்று ஆரம்பித்தால் போதும், டிங். பேசியவர் உட்கார்ந்துவிட வேண்டும். 'எங்க மாமா ஒருத்தர்' என்றாலும் டிங்தான்.

எனக்கும் அக்காவுக்கும் இந்த விதி கஷ்டமாகவே இல்லை. வட்டம் பிறப்பதற்கு முன்பிருந்தே அது எங்கள் வீட்டில் அமலில் இருந்தது.

அம்மா போனபோது அக்கா கல்லூரியில் சேர்ந்திருந்தாள், நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அப்பா இருந்தும் இல்லாத மாதிரி இருந்தார், பிறகு நிஜமாகவே இல்லாமல் போனார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையின் ஆல்டரேஷன் பிரிவில் சேர்ந்தாள். ஊரில் உள்ளவர்களின் கால்சட்டைகளை எல்லாம் மடித்துத் தைத்துக் கொடுத்து என்னை வளர்த்தாள். மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்கள் இருவருக்குமே வரவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சினிமாக்காரர்கள் தலையில் கட்டிச் சொல்லிவிடுவோம். டிவிப் படத்தில் ஒருத்தி முடியை வெட்டிக்கொண்டு வந்தால், "இவளுக்கு நீளமாவே நல்லா இருந்துச்சு" என்பாள் அக்கா. அது எனக்கு. "இந்தம்மா பாவம், கண்ணாடியை மாத்தலாம்" என்பேன் நான். அடுத்த வாரம் அக்கா கண் டாக்டரிடம் போவாள்.

எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது. சரிப்படவில்லை. யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த நாட்களில் ஒருநாள் அக்கா போன் செய்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். பிறகு, "நேத்து டிவியில ஒரு படம் பாத்தேன்டி" என்றாள். "அதுல அந்தப் பொண்ணு பெட்டியை எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்கே வந்துடறா. யாரும் ஒண்ணும் கேக்கல. நல்ல படம்."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, அது என்ன படம்க்கா என்று கேட்டதற்கு, "பேரு ஞாபகம் இல்ல" என்றாள். அப்படி ஒரு படமே கிடையாது என்று எனக்குப் புரிய அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

எங்கள் வீட்டில் படத்தைப் பற்றிப் பேசினால் அது படத்தைப் பற்றியது அல்ல. பிறந்ததிலிருந்து தெரிந்த இந்தச் சங்கதியை, வட்டத்தில் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றதும் மறந்துவிட்டேன்.

போன வருஷம் போட்ட அந்தப் படம் கறுப்பு வெள்ளை. கதாநாயகி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. தம்பியையும் தங்கையையும் கரையேற்றுகிறாள். தன்னை விரும்பியவன் வேறொருத்திக்குப் போன் செய்யும்போது, அந்த அழைப்பையும் அவளே இணைத்துக் கொடுக்கிறாள். கடைசிக் காட்சியில் எல்லோரும் ரயிலேறிப் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "ஹலோ, எந்த நம்பர் வேணும்?" என்று சிரித்த முகமாகக் கேட்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்தது. அறை முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். இடைவேளைகூடக் கையில் எடுத்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பேராசிரியர் எழுந்தார். "எல்லாப் படமும் சமூகத்தைக் கெடுக்குதுன்னு நான் சொல்லல. இந்த மாதிரிப் படங்கள்தான் ஒரு தலைமுறைக்கு நல்ல அக்காக்களைக் கொடுத்துச்சு. இப்ப அந்த மாதிரிப் படமும் இல்ல, அந்த மாதிரி அக்காக்களும் இல்ல."

எனக்கு வந்ததே கோபம். அது அந்த அக்காவுக்காக வந்த கோபம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அந்த மனுஷரின் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"படம் அக்காக்களைக் கொடுக்கல சார்" என்றேன். "ஏற்கெனவே உழைச்சுக்கிட்டிருந்த அக்காக்களை எந்திரிக்க விடாம உக்கார வச்சுது. அவ சிரிக்கிறா, நாம கை தட்டுறோம். கை தட்டிட்டா அப்புறம் அவளுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம் பாருங்க. என்னைக் கேட்டா, அவ அந்தக் கருவியைக் கழட்டி வச்சிருக்கணும். சாவியைத் தங்கச்சி கையில குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம போயிருக்கணும். அப்படி முடிஞ்சிருந்தா அது நல்ல படம்."

நல்ல கைதட்டல். சினிமா யாரையும் ஒன்றும் செய்வதில்லை என்ற என் சொந்தக் கட்சிக்கே நான் பேசியது விரோதம் என்பதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். நான் வெற்றியோடு உட்கார்ந்தேன். அக்கா பக்கத்து நாற்காலியில் காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விளக்கு போட்ட வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா ஒரு பெட்டியோடு கூடத்தில் நின்றாள். அவளிடம் இருந்த வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள்.

"சலவைக் கடைக்கு மேல ஒரு ரூம் கிடைச்சிருக்கு. அங்க போறேன்."

"ஏன்க்கா?"

"சும்மாதான். ராத்திரி கேஸை மூடிட்டுத் தூங்கு."

படியில் இறங்கினாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். தெரு முனை திரும்பும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்ன வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் எனக்கே நடித்துக் காட்டிவிட்டுப் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கோபித்துக்கொண்டுதான் போகிறாள் என்று எண்ணினேன். 'போ' என்று ஊரறியச் சொன்னவளோடு யார் இருப்பார்கள்.

வெளிநாட்டுக்குப் போயிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அதே ஊர், பஸ் மாறிப் போனால் வந்துவிடும் தூரம். அந்தப் பக்கம் போகும் பஸ்ஸைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

லேபில் நாள் முழுக்க என்னைச் சுற்றி வாய்கள்தான். மேல் தாடை, கீழ் தாடை, வெள்ளை மாவில் வார்த்து வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றில் மெழுகு வைத்துப் பல் பதித்து, கடி சரியாக இருக்கிறதா என்று மூடி மூடிப் பார்ப்பேன். ஒன்றும் பேசாது. வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. டிவியைப் போடுவேன். படத்தில் யாராவது அசட்டுத்தனமாக எதையாவது செய்வார்கள். "இவளுக்கு அறிவே இல்ல பாரு" என்று பக்கவாட்டில் திரும்பிச் சொல்வேன். அங்கே சோபாவின் மேல் நான் மடிக்காமல் போட்ட துணி இருக்கும். பேச ஆள் இல்லாத வீட்டில் படம் பார்ப்பது போல ஒரு தண்டனை கிடையாது. பாதியிலேயே அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

போனில் பேசிக்கொள்ளத்தான் செய்தோம்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. கேஸை மூடினியா?"

"மூடினேன்."

மூடியிருக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த மறதி. நான் அடுப்படியை விட்டு வந்த பிறகு அக்கா எழுந்துபோய் சிலிண்டரை மூடிவிட்டு வந்து படுப்பாள். வீட்டுக்கு வாக்கா என்று ஒரே ஒரு வார்த்தை. அது தொண்டை வரை வரும், அப்புறம் "சரி வைக்கிறேன்" என்று முடிந்துபோகும். அவளும் என்னை வந்து போகச் சொன்னதில்லை. வட்டத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

அதிகம் சண்டை வந்த படத்தை ஒரு வருஷம் கழித்து இன்னொரு தரம் போட்டுப் பார்ப்பது வட்டத்தின் வழக்கம். கருத்து மாறியிருக்கிறதா என்று பார்க்கவாம். தலைவர் போன் செய்தார். "அந்த டெலிபோன் அக்கா படம்தாங்க. நீங்க கண்டிப்பா வரணும், போன தடவை நீங்கதான் கொளுத்திப் போட்டீங்க. உங்க அக்காவும் வர்றாங்களாம். போன் பண்ணி நாற்காலி எடுத்து வைக்கச் சொன்னாங்க."

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. என்ன பேச வேண்டும் என்று மாவுத் தாடைகளுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். அந்த அக்கா போகவே கூடாது என்பேன். அது அவளுடைய வீடு என்பேன். ரயிலேறிய தங்கச்சி அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, தண்டவாளத்தோடு ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படி முடிந்திருந்தால்தான் நல்ல படம் என்பேன். கேட்பவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டுப் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அக்காவுக்குப் புரியும். அந்த ஞாயிறு காலை அவள் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, அவள் அலமாரியில் நான் அடைத்து வைத்திருந்த என் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டேன். டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்கா எனக்கு முன்பே வந்திருந்தாள். தலைமுடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். கண்ணாடியும் புதிது.

"நல்லா இருக்கா?" என்று பிடரியைத் தொட்டுக் கேட்டாள்.

நீளமாவே நல்லா இருந்துச்சு என்று வாய் வரை வந்தது. "நல்லா இருக்கு" என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அது எனக்கு என்னவோ போல் இருந்தது.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தோம். அந்த அக்கா மறுபடியும் எல்லோரையும் ரயிலேற்றிவிட்டுச் சிரித்தாள். டீ வந்தது. பேராசிரியர் எழுந்து, தன் கருத்து மாறவில்லை என்பதை விலாவாரியாகச் சொன்னார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுவதற்குள் அக்கா கையைத் தூக்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த அறையில் வாயைத் திறந்ததே இல்லை. தலைவரே கொஞ்சம் திகைத்துப்போய், "சொல்லுங்கம்மா" என்றார்.

அக்கா எழுந்து முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ அப்புறம் போயிடறா" என்றாள். "ஒரு சின்ன ரூம். ஒரே ஒரு ஜன்னல். காலை வெயில் நேரா கட்டில் மேல வந்து விழும். மொத நாள் அவளுக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. பழக்க தோஷத்துல டீயை ரெண்டு கப்புல ஊத்திடறா. அப்புறம் ரெண்டையும் அவளே ஜன்னல்கிட்ட உக்காந்து குடிக்கிறா. சூடா. அவ சூடா டீ குடிச்சே எத்தனையோ காலம் ஆச்சு. லீவு நாள்ல எந்திரிக்காம படுத்தே கிடக்குறா. ஏன்னு கேக்க ஆள் இல்ல. சில நாள் அழறா. தங்கச்சி ஞாபகம் வந்துடும். ஆனா ரூமை விட்டு வரணும்னு தோணல."

"மன்னிக்கணும்" என்றார் பேராசிரியர். "இது எந்த இடத்துல வருது? நான் தூங்கிட்டேனா?"

"டீ சீன் எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்றார் இடைவேளை. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"போகணும்னு அவளுக்குத் தானாத் தோணல" என்று தொடர்ந்தாள். "தோணவே தோணாது அவளுக்கு. தங்கச்சிதான் சொன்னா. எல்லார் முன்னாலயும், சத்தமா. அவளுக்காக அதுக்கு முன்ன யாரும் அப்படி எந்திரிச்சுப் பேசினதே இல்ல. அதை வச்சுக்கிட்டுத்தான் அவ அங்க தைரியமா இருக்கா. ஆனா ஒரு சந்தேகம். தங்கச்சி மனசாரச் சொன்னாளா, இல்ல பேச்சு வாக்குல வந்துடுச்சான்னு. பேச்சு வாக்குல வந்ததுன்னா அவ திரும்பி வந்துடுவா. அதை மட்டும் படத்துல சொல்லாம விட்டுட்டாங்க."

உட்கார்ந்தாள். கைக்குட்டையால் புதுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

"பல்லுக்காரம்மா" என்றார் தலைவர். "நீங்க சொல்லுங்க."

எழுந்தேன். கோபித்துக்கொண்டு போகவில்லை அவள். நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். நானோ அதைக் கொடுத்ததாகவே நினைக்கவில்லை, ஒரு மனுஷரின் மூக்கை உடைக்க வீசிய கல் அது. உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். சொன்னால் இன்றைக்கே பெட்டியோடு வந்துவிடுவாள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். விரிப்பு போட்ட கட்டில் காத்திருக்கிறது. டிவி பார்க்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கும். எனக்கு என் அக்கா வேண்டும். அவள் இல்லாத வீட்டுக்குள் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எல்லாம் சுமந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் அவள் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போன தடவை சொன்னதுதான் சார்" என்றேன். "மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்தத் தங்கச்சி மனசாரத்தான் சொன்னா. அவ போனதுதான் சரி. திரும்பி வர வேண்டாம்."

குரல் கொஞ்சம் பிசிறியது. இருமுவது போல் சமாளித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சேத்துக்கலாம். தங்கச்சி இப்பல்லாம் மறக்காம கேஸை மூடிட்டுத்தான் தூங்குறா. அதைப் பத்தி அக்கா கவலைப்பட வேண்டாம்."

"அந்தக் காலத்துல வீட்டுல கேஸ் ஏதுங்க?" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். தலைவரின் கை மணியின் மேல் போய் நின்றிருந்தது. அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். 'எங்க வீட்டுல' என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை, விதிப்படி தப்பு ஒன்றும் இல்லை. கையை எடுத்துக்கொண்டு, "அடுத்தவங்க பேசலாம்" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். அவள் பஸ் இந்தப் பக்கம், என் பஸ் எதிர்ப் பக்கம். அவளோடு இந்தப் பக்கமே நின்றேன்.

"அந்த ஜன்னல் சீன் நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.

"வந்து பாரேன் ஒருநாள்" என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தவள், இந்தத் தடவை பஸ் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். வெட்டிய முடியோடு சின்னப் பெண் போல் இருந்தாள். பஸ் போன பிறகு நான் சாலையைக் கடந்தேன்.

வீட்டைத் திறந்து உள்ளே போனேன். அவள் கட்டிலில் புது விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. கதவைச் சாத்திவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். காலையில் டீ போடத் திறந்த சிலிண்டர் திறந்தபடியே இருந்தது. மூடினேன். சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.